28 படுக்கையும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு மாலை

அன்புள்ள கோகிலா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முட்டிவலி தேவலை என்றறிந்து நிம்மதி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிருக்கு அந்த எண்ணெயை நிறுத்திவிடாதே.

28 படுக்கை மெடிக்கல் வார்டு உன் பொறுப்பில் வருகிறது. பயிற்சித் தாள் முழுக்க 'டிரான்ஸ்ஃபர்மேஷனல் லீடர்ஷிப்' என்றே இருக்கிறது, இதை வார்டில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டிருந்தாய். அந்தச் சொல் ஆஸ்பத்திரியில் பிறந்ததே இல்லை. ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1978-ல் அரசியல் தலைவர்களைப் பற்றி எழுதும்போது இரண்டு வகை பிரித்தார்: கொடுக்கல் வாங்கலால் ஆளை நடத்துவது ஒன்று, ஆளை வளர்த்து நடத்துவது இன்னொன்று. உன் தாளில் இருப்பது இந்த இரண்டாவதுதான். 1985-ல் பெர்னார்ட் பாஸ் அதை வேலையிடங்களுக்கு ஏற்றபடி விரித்தார். நர்ஸ்கள் விட்டுப் போகாத 41 அமெரிக்க ஆஸ்பத்திரிகளைப் பற்றி 1983-ல் ஓர் ஆய்வு வந்தது. அதிலிருந்து வளர்ந்த, நர்சிங்கில் சிறந்த ஆஸ்பத்திரிகளுக்குத் தரும் 'மேக்னட்' அங்கீகாரத்தின் ஐந்து கூறுகளில் முதலாவது இந்தத் தலைமைதான்.

பாஸ் சொன்னவை நான்கு: முன்மாதிரியாக நிற்பது, நோக்கத்தைக் காட்டி ஊக்குவது, யோசிக்கத் தூண்டுவது, ஒவ்வொருவரையும் தனியாகக் கவனிப்பது. முதல் இரண்டையும் எல்லா வகுப்பிலும் பேசுவார்கள். சிஸ்டரே கை கழுவாமல் அடுத்த படுக்கைக்குப் போனால் சுவரில் ஒட்டிய போஸ்டர் வீண், அவ்வளவுதான். வார்டு மாறுவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான்.

மூன்றாவதற்குப் படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள். இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டிய நோயாளியின் சார்ட்டைப் பார். காலை 8 முதல் மாலை 6 வரை ஆறு கட்டமும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்து என்றால் ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பியிருக்கிறார்கள். உடனே மெமோ எழுதாதே. சார்ட் எங்கே தொங்குகிறது என்று பார். நர்ஸ் மேசையில் என்றால், புரட்டிய கையோடு யாரும் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள். வழியை உன் வாயால் சொல்லாமல் புரட்டுகிறவர்களிடமே கேள். 'கயிற்றில் கட்டிப் படுக்கைக் காலில் மாட்டலாமே' என்று ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் சொன்னால் சோதனையை அவளே நடத்தட்டும்: முதல் நாள் ஒரு படுக்கை, சரிவந்தால் நான்கு, பிறகு ஒரு பக்க வரிசை. திங்கட்கிழமையே 28 படுக்கைக்கும் உத்தரவு போடுவதுதான் வழக்கமான தவறு. கயிறு அறுந்தாலும் சார்ட் நனைந்தாலும் யோசனையே மோசம் என்றாகி, அவள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டாள்.

மருந்துப் பிழையிலும் இதே கதைதான். 'யார் போட்டது?' என்பது உன் முதல் கேள்வியானால் அடுத்த பிழை உன் காதுக்கு வராது. 'அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது?' என்று தொடங்கு. ஒரே மாதிரி இரண்டு ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) ஒரே தட்டில் இருந்தது அப்போதுதான் வெளிவரும். முதல் சில மாதங்களில் பிழையை அறிவிக்கும் படிவங்கள் கூடினால் பயப்படாதே, மறைத்து வைத்தது வெளியே வருகிறது. ஆனால் மேட்ரனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவை, இல்லாவிட்டால் வார்டு கெட்டுவிட்டது என்று கணக்குப் போடுவார். பெருந்தீங்கு நேர்ந்தால் மட்டும் 24 மணி நேரத்துக்குள் மேலே அறிக்கை போயாக வேண்டும். அதில் இரக்கம் காட்ட இடமில்லை.

நான்காவதற்கு ஒரு தடித்த நோட்டு வாங்கு, ஆளுக்கு இரண்டு பக்கம். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் 20 நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு. கேட்க வேண்டியது மூன்று: எந்த வேலை கைவந்துவிட்டது, எதைச் செய்யப் பயமாக இருக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் எந்த ஒன்றைக் கற்கப்போகிறாய். ஒன்றுதான், ஐந்து எழுதினால் ஐந்தும் நடக்காது. பட்ரிசியா பென்னர் 1984-ல் காட்டிய ஐந்து படிகளை மனதில் வை: புதியவர், சற்றுத் தேறியவர், திறமையாளர், கைதேர்ந்தவர், வல்லுநர். ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று ஆண்டு நின்றால்தான் மூன்றாம் படி. ஆறு மாதத்துக்கொரு முறை வார்டு மாற்றினால் நல்ல நர்ஸும் ஒவ்வொரு இடத்திலும் கீழ்ப்படியிலிருந்தே தொடங்க வேண்டும். 'எல்லாம் தெரிந்தவள் ஆகட்டும்' என்று மாற்றுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. படிப்பு முடித்ததும் கட்டாயச் சமூக சேவை ஆண்டுக்கு வருகிற இளம் சிஸ்டரைக் கூடுதலாகக் கவனி. 12 மாதம்தான் கையில் இருக்கும், ஆள் பற்றாக்குறையில் முதல் வாரமே இரவு ஷிஃப்டில் தனியாக விட்டால் பயம்தான் படிப்பாகும்.

பாஸ் சொன்ன ஒன்றை வகுப்பில் விட்டுவிடுவார்கள்: இந்தத் தலைமை பழைய கண்டிப்பின் மேல்தான் நிற்கும், அதற்கு மாற்றாக அல்ல. மார்ஃபின் ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து, ஷிஃப்ட் மாறும்போது எண்ணிச் சாவி கைமாற்றுவது, இவையெல்லாம் ஊக்கத்தால் நடப்பவை அல்ல.

ஆளே இல்லாத வார்டை எந்தத் தலைமையாலும் ஓட்ட முடியாது. எட்டு நோயாளிகளை 12 மணி நேர ஷிஃப்டில் ஆறு முறை புரட்டினால் 48 முறை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், ஐந்து நிமிடம்; மொத்தம் எட்டு மணி நேர உழைப்பு, அதுவும் புரட்டுவதற்கு மட்டும். ஆள் கேட்டு எழுதும்போது 'பணிச்சுமை அதிகம்' என்று எழுதாதே, இந்தக் கணக்கைப் போட்டு அனுப்பு.

ஷிஃப்ட் மாறும்போது 28 நோயாளிகளின் நிலையையும் வருகிறவர்களிடம் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 56 நிமிடம் ஓடிவிடும், போகிறவர்கள் வேனைத் தவறவிட்டு மறுநாள் அவசரமாக ஒப்பிப்பார்கள். கவலைக்கிடமான ஆறு பேருக்கு முழு விவரம், மற்றவர்களுக்கு அரை நிமிடம், படுக்கையருகிலேயே. 23 நிமிடத்தில் முடியும்.

கடைசியாக ஆஃப் டியூட்டி பட்டியல். பெரிய வெள்ளியன்று கிறிஸ்தவர்களும் லீவு கேட்பார்கள், அன்றே திருவிழா நடக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற நம்மவர்களும் கேட்பார்கள். ஜனவரியிலேயே தாள் ஒட்டி, போன ஆண்டு யார் வேலை பார்த்தார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடு. உன் பெயரை இந்த ஆண்டு வேலைப் பட்டியலில் முதலில் போடு.

நோட்டு எந்த அளவில் வாங்கினாய் என்று எழுது. ஏ4 என்றால் மேசை டிராயரில் நுழையாது.

அன்புடன்,
திலகா