முதல் திரையில் இருந்த வரைபடம் எங்கே? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொழிலாளர்களின் அட்டெண்டன்ஸ், லீவு, சம்பளக் கணக்கைக் காட்டும் எங்கள் செயலியின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து எங்களுக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "திறந்ததும் அட்டெண்டன்ஸ் வரைபடம் கலர் கலராக வருமே, அது எங்கே சார்?" பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் முன்பைவிடப் பெரிதாகவே பார்க்கலாம். தொழிலாளியின் போனிலிருந்து மட்டும்தான் எடுத்திருக்கிறோம். பணம் கட்டுகிறவர் நீங்கள் என்பதால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்தச் செயலிக்குப் பணம் கட்டுகிறவர் ஒருவர். தினமும் கையில் எடுக்கிறவர் வேறொருவர். ஆம்பூரோ ராணிப்பேட்டையோ பேரணாம்பட்டோ, ஷூ கம்பெனிகளில் அதைக் கையில் எடுப்பவர் அநேகமாகத் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அட்டெண்டன்ஸும் சம்பளக் கணக்கும் பார்க்கும் உங்கள் டைம் ஆபீஸ் ஜன்னல் ஓரம் நின்று கவனித்தோம். அங்கே வந்த கேள்விகள் சுற்றிச் சுற்றி மூன்றுதான்: எனக்கு இன்னும் எத்தனை லீவு இருக்கு, சம்பளத்தில் ஏன் இவ்வளவு பிடிச்சிருக்கு, அன்றைக்கு பஸ் லேட்டானதுக்கு எனக்கு ஏன் அரை நாள் போச்சு. மூன்றுக்கும் செயலியில் பதில் இருந்தது, நாலைந்து தட்டுகளுக்கு உள்ளே. இப்போது அந்த மூன்றும் முதல் திரையில் இருக்கின்றன. வேறு எதுவும் அங்கே இல்லை.

எங்களுக்கு அதிக வேலை வைத்தது உள்ளே நுழையும் வழிதான். இதுவரை நுழையும்போது போனுக்கு வந்த ஓ.டி.பி. என்பது ஆளுக்கு ஒரு போன் இருக்கும் இடத்தில் நினைத்துச் செய்யப்பட்ட ஏற்பாடு. உங்கள் பதிவேட்டில் பல பெண்களின் பெயருக்கு எதிரே இருப்பது கணவர் நம்பர், இல்லையென்றால் மகன் நம்பர். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பார், ஓ.டி.பி. அங்கே போய் நிற்கும். போன் போட்டுக் கேட்டு வாங்குவதற்குள் நேரம் தாண்டிவிடும். இன்னொன்றும் உண்டு. தன் ஓவர்டைம் பணம் எவ்வளவு என்று தனக்கு முன்னால் வீட்டில் வேறொருவருக்குத் தெரிவதை எல்லாரும் விரும்புவதில்லை. இதை யாரும் எங்களிடம் நேராகச் சொல்லவில்லை; பேச்சு அங்கே வந்ததும் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனார்கள். இனி கம்பெனி ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் டோக்கன் நம்பரும், டைம் ஆபீஸில் அவரே போட்டுக்கொள்ளும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் போதும். ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக மூடிக்கொள்ளும். போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்ற கம்பெனிகளில், கேண்டீனில் மாட்டிய டேப்லெட்டிலும் இதே திரையைப் பார்க்கலாம்.

கைரேகை விஷயம் உங்களுக்கே தெரியும். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பிலும் உப்பிலும் வேலை செய்கிற ஆள், ஷூவின் மேல்பகுதியை அச்சில் இழுத்து ஒட்டும் லாஸ்டிங் வேலையிலிருந்து பசை ஒட்டிய விரலோடு வரும் ஆள், இவர்கள் ரேகை மெஷினில் சரியாக விழுவதில்லை. ஆள் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பார், ரிப்போர்ட்டில் ஆப்சென்ட் என்றிருக்கும். எனவே அடையாள அட்டையைக் காட்டினாலும் பதிவாகும்படி செய்திருக்கிறோம். ஒருவர் கார்டை இன்னொருவர் காட்டுவாரே என்கிறீர்கள், நியாயமான பயம்தான். அதற்காக வாசல் மெஷின் அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து வைக்கும்.

கம்பெனி பஸ் லேட்டானால் அந்த ரூட்டில் வருகிற எல்லாருக்கும் ஒரே தடவையில் அது பதிவாகிவிடும்; ஒவ்வொருவராக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஜி.பி.எஸ். பஸ்ஸில் இருக்கிறது, ஆளிடம் இல்லை. தொழிலாளி எங்கே இருக்கிறார் என்று போன் வழியாகப் பார்க்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செய்ய முடியும், ஆனால் செய்து தரமாட்டோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்கு வேண்டிய தகவலோடு நிறுத்தச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் பதில் இதுதான். வேவு பார்க்கிறது என்று ஒரு லைனில் பேச்சு கிளம்பினால் சாயங்காலத்துக்குள் எல்லா போனிலிருந்தும் செயலி காணாமல் போய்விடும்.

சம்பளச் சீட்டில் ஒரு மாற்றம் முதலாளிகளுக்கும் பிடிக்கும். இதுவரை பிடித்தம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது பக்கத்திலேயே கம்பெனி கட்டுவதும் தெரியும். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். கம்பெனி தன் பங்காகக் கட்டுவது 3.25 சதவீதம், 520 ரூபாய். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.-இலும் இப்படியே இரண்டு பக்கமும் காட்டுகிறோம். 'பிடிச்சுட்டாங்க' என்று டைம் ஆபீஸுக்கு வந்தவர்கள், அதைப் பார்த்த பிறகு கேட்டது வேறு: 'ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக என்ன சீட்டு வேணும்?' அதற்கான பதிலையும் அங்கேயே சேர்த்துவிட்டோம்.

எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. பார்க்கக் கொஞ்சம் பழசாகத்தான் இருக்கிறது. எங்கள் டிசைனருக்கே வருத்தம். ஆனால் சாம்பல் நிற எழுத்தை வேலூர் வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று ஒருவரும் படிக்க முடியாது. உருதுவில் பார்ப்பவர்களுக்குத் திரை வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்ளும். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் உண்டு. உருதுக் குரல் வாணியம்பாடிப் பக்கத்து ஆளுடையது, டி.வி. செய்தி மாதிரி இருக்காது.

இதெல்லாம் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். எந்த லைனில் எத்தனை பேர் என்பதுதான் காலையில் ஷிஃப்ட் தொடங்கும்வரை தெரியாது. லீவு கேட்பது இரண்டு தட்டில் முடிந்தால் முன்கூட்டியே கேட்பார்கள். சூப்பர்வைசரும் ஆளை மாற்றிப் போட்டுக்கொள்வார். நீங்கள் தேடுகிற அந்த வரைபடத்தில் உள்ள கணக்கும் அப்போதுதான் சரியாக இருக்கும்.

நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஊழியர் பட்டியலில் பஸ் ரூட் எழுதாமல் விட்ட பெயர்களை நிரப்பி, அடுத்த சம்பளத் தேதிக்கு முன் அனுப்புங்கள். ரகசிய எண் போடுவதற்கு டைம் ஆபீஸில் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால் எங்கள் ஆள் வந்து கூடவே உட்காருவார். மாதக் கட்டணத்தில் மாற்றமில்லை. கேண்டீன் டேப்லெட் வேண்டுமென்றால் அதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். விலை உயர்ந்த மாடல் தேவையே இல்லை.

இப்படிக்கு,
செயலிக் குழுவினர்,
காட்பாடி