கேம் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் கேம் சாமான் விற்கும் அண்ணன்மாருக்கு,

வணக்கம். பழைய பாணி பேட்களையும் (கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர்) ஆர்கேட் ஸ்டிக்குகளையும் (லீவரும் பெரிய பட்டன்களும் வைத்த பலகை) நீங்கள் கொண்டுவரத் தொடங்கியதில் எங்களுக்குப் பெரிய சந்தோசம். சண்டை கேம் விளையாடுகிறவர்களுக்கு லீவரைப் பிடித்துச் சுழற்றுவதே ஒரு தனிச் சுகம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஸ்டிக்கும் எந்தக் கொன்சோலில் (டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷின்) வேலை செய்யும் என்று நீங்களே போட்டுப் பார்த்து, அதைப் பெட்டியில் எழுதி ஒட்டி விற்க வேண்டும்.

என் தம்பி மாதக்கணக்காகக் காசு சேர்த்து ஒரு கடையில் ஸ்டிக் வாங்கினான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. கம்ப்யூட்டரில் ஓடியது, பிளேஸ்டேஷன் 5இல் அசையவேயில்லை. பெட்டி திறந்தாயிற்று, இனித் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அது சின்னக் காசு இல்லை, அண்ணன்.

லீவரும் பட்டனும் வெறும் சுவிட்சுகள்தான். வித்தியாசமெல்லாம் அவற்றை யூஎஸ்பி வயரோடு இணைக்கும் சின்ன சர்க்யூட் போர்டில் இருக்கிறது. மலிவான ஸ்டிக்குகளில் வரும் 'ஜீரோ டிலே' போர்டு கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் சரி. அதற்குப் பிறகு வந்த பிளேஸ்டேஷன்கள், இணைத்த சாமான் கொன்சோல் கம்பனியின் அனுமதி பெற்றதா என்று சரிபார்க்கும். அந்தப் போர்டிடம் அதற்குப் பதில் இல்லை. பிளேஸ்டேஷன் 4இன் சாதாரண பேடும் பிளேஸ்டேஷன் 5 கேம்களில் வேலை செய்யாது. அனுமதி பெற்ற பிளேஸ்டேஷன் 4 ஆர்கேட் ஸ்டிக் சில கேம்களில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. எக்ஸ்பாக்ஸும் 2023 நவம்பரிலிருந்து அனுமதியில்லாத சாமான்களைத் தடுக்கத் தொடங்கிவிட்டது. நின்டெண்டோ சுவிட்ச் கொன்சோலில் இவ்வளவு தொல்லை இல்லை, எயிட்பிட்டூ கம்பனியின் பேட்கள் புளூடூத்தில் இணைந்துவிடும். ஆனால் 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2க்குச் சில பேட்களுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளை அதை எப்படிச் செய்யும்? கடையிலேயே செய்து கொடுத்தால் பெரிய உதவி.

இவ்வளவையும் வாங்க வருகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், உதிரிப்பாகமும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். கடற்கரை ஊர், உப்புக்காற்றில் உலோகப் பாகங்கள் சீக்கிரம் அரித்துப்போகும். பட்டன் ஒட்டிக்கொண்டால் முழு ஸ்டிக்கையும் எறியத் தேவையில்லை. பெரும்பாலான நல்ல ஸ்டிக்குகளில் 30 மில்லிமீட்டர் பட்டன்தான், கழற்றி மாட்டலாம். சான்வா கம்பனியின் ஜேஎல்எஃப் லீவர் 4 மைக்ரோசுவிட்சுகளில் (மிகச் சின்ன சுவிட்சுகள்) இயங்குகிறது, அதற்கான பாகங்களும் தனித்தனியாக வாங்கக் கிடைக்கும். ஒரு பட்டனுக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வைக்காதீர்கள்.

சோதிக்கக் கடையில் கொன்சோல் இல்லை என்று சொல்லலாம். எங்கள் நண்பர்களிடம் பிளேஸ்டேஷன் 4, 5, சுவிட்ச் எல்லாம் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை பின்னேரம் தூக்கிக்கொண்டு வருகிறோம். ஒவ்வொரு மொடலிலும் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்க விட்டால் போதும், கூலி வேண்டாம். லேபிளையும் நாங்களே எழுதி ஒட்டித் தருகிறோம்.

உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை