பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: அந்தச் சாவியில் ஒன்று எங்களுக்கும்

பூங்கா நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

மாதிரித் தோட்டத்தின் குழாய்க்குப் பூட்டு விழுந்த கதை உங்களுக்குத் தெரியும், போட்டதே நீங்கள்தான். தண்ணீர்ச் சிக்கனம் என்றீர்கள். எங்களுக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் சாவி உங்கள் மேசை டிராயரில் இருக்கிறது, அலுவலகம் திறக்க மணி பத்தாகிறது. தன்னார்வலர்களுக்கோ வேலைக்குப் போகுமுன் கிடைக்கும் விடியற்காலைதான் நேரம். அப்புறம் சனி, ஞாயிறு. அன்று நாங்கள் இருப்போம், நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீன்ஸ் முளைக்கும்போது விதையையே தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். பட்டாணி விதையைக் கீழேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். இரண்டையும் அடுத்தடுத்த பாத்தியில் பிள்ளைகளே விதைத்தார்கள்; அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராமல் அவர்களே குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டிருந்தோம். தோட்டம் இருப்பதே அதற்குத்தானே. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டியாயிற்று. இளநாற்றின் வேர் மேல்மண்ணைத் தாண்டியிருக்காது, வெயிலில் முதலில் காய்வதும் மேல்மண்தான். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர் ஒரு ஓரத்துக்குக்கூடப் போதவில்லை. திங்கட்கிழமை பார்த்தால், பீன்ஸ் முளைகள் மண்ணைப் பிளந்து, கழுத்து வளைந்தபடியே காய்ந்து நின்றன. விதையை இன்னும் முழுதாகத் தூக்கியிருக்கவில்லை. ஒரு சிறுமி தன் பெயர் எழுதிச் செருகியிருந்த குச்சியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு போனாள். அவளிடம் 'அலுவலக நேரம்' என்பதை எப்படி விளக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சிக்கனம் என்கிறீர்களே, பூட்டிய அந்தக் குழாயைக் கொஞ்சம் வந்து பாருங்கள். இணைப்பில் இரவு பகலாகச் சொட்டுகிறது. அதற்கு நேர் கீழே கோரை தளதளவென்று வளர்ந்திருக்கிறது. இந்தத் தோட்டத்தில் வேளாவேளைக்குத் தண்ணீர் கிடைக்கும் ஒரே செடி அதுதான். வெயில் ஏறியபின் ஊற்றினால் ஆவியாகப் போவதும் அதிகம். ஆக, பத்து மணித் தண்ணீரில் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை.

சப்பாத்திக்கள்ளி பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும்; அதனால் வெயிலில் அதிகம் தண்ணீரை இழக்காது. தோட்டம் முழுக்க அதையே நட்டுவிட்டால் உங்களுக்கு எங்கள் தொல்லை இராது. விருந்தினர் வந்தால் படம் எடுத்துக்கொள்ள நம் தோட்டம் வேண்டும். நுழைவாயில் பலகையில் 'மக்கள் பங்கேற்பு' என்று பெரிய எழுத்தில் எழுதவும் வேண்டும். அந்த மக்களை நம்பி ஒரு சாவி தருவதற்குத்தான் மனம் வரவில்லை. உரம் சுமக்க நம்பலாம், களை பறிக்க நம்பலாம், குழாயைத் திறக்க மட்டும் நம்பக் கூடாதா?

சரி, எழுதவந்ததை விட்டு எங்கெங்கோ போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: சாவியின் ஒரு பிரதி. யார் எப்போது திறந்தார், எப்போது மூடினார் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவைக்கிறோம். மாதக் கடைசியில் நீங்கள் சரிபார்க்கலாம், தண்ணீர் வீணானதாகத் தெரிந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அடுத்த விதைப்புக்கு முன் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

ஒழுகும் வாஷரை எங்கள் செலவிலேயே மாற்றித் தருகிறோம். அதற்கும் அந்தப் பூட்டைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மாதிரித் தோட்டத் தன்னார்வலர்களுக்காக, அவர்களில் ஒருவர்