நிழல் அமைச்சர் மாறிக்கொண்டே இருக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையில் அதன் தலைவர், தலைமைக் கொறடா போன்ற சிலருக்கே அந்தப் பொறுப்புக்கெனத் தனிச் சம்பளம் உண்டு. அரசின் ஒவ்வொரு துறையையும் கண்காணித்துக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி நியமிப்பவரே நிழல் அமைச்சர். போக்குவரத்தைக் கவனிக்கும் நிழல் அமைச்சருக்கு உறுப்பினர் சம்பளம் மட்டுமே. துறை அதிகாரிகளோ கோப்புகளோ கிடையாது. 1975 முதல் எதிர்க்கட்சிகளுக்கு வழங்கப்படும் நாடாளுமன்ற நிதியைக் கொண்டு ஆய்வாளர்களை அமர்த்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இருந்தும் அந்தப் பொறுப்பின் பயன் பெரிது. 2021 முதல் தொழிற்கட்சியின் நிழல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லூயிஸ் ஹேக், தனியார் ஒப்பந்தங்கள் முடிய முடியப் பயணிகள் ரயில் சேவைகளை அரசே ஏற்கும் திட்டத்தை 2024 ஏப்ரலில் வெளியிட்டார்; ஜூலையில் கட்சி வென்றதும் அவரே அமைச்சரானார்; நவம்பரில் அதற்கான சட்டமும் நிறைவேறியது. (அவர் அம்மாதமே பதவி விலகியது வேறு காரணத்தால்.) எதிர்வரிசையில் செய்த வேலைதான் அந்த வேகத்தைத் தந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதனால்தான் அந்தத் தேர்தலில் தோற்று எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் போக்கு கவலை தருகிறது. 2024 ஜூலைக்கும் 2025 ஜூலைக்கும் இடையில் ஹெலன் வேட்லி, காரெத் பேக்கன், ரிச்சர்ட் ஹோல்டன் என மூவர் அதே பொறுப்பில் அமர்ந்தனர். ரயில் ஒப்பந்தங்களையும் பேருந்துச் சட்டங்களையும் கற்றறியவே பல மாதங்கள் வேண்டும். அமைச்சர் மாற்றத்துக்கு முதல் பக்கம் ஒதுக்கும் நாளிதழ்கள், நிழல் அமைச்சர் மாறும்போதும் காரணத்தைக் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்