கோடும் வட்டமும் போட்டுவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம் என்று நாளிதழ்ப் பக்கங்களும் அவற்றுக்குள் செருகி வரும் நோட்டீஸ்களும் பெருத்துவிட்டன. 'விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்' என்று பொதுவாகச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மனத்தைத் தொடுவதற்காக எழுதிய வரிகளைக் கோடு போட்டு அடியுங்கள். 'எங்களை நம்பலாம்' என்று காட்டுவதற்காகப் போட்ட பெயர், படம், முத்திரை, ஆண்டு ஆகியவற்றை வட்டமிடுங்கள். இரண்டிலும் சிக்காமல் மிஞ்சுவதுதான் பொருளைப் பற்றிய தகவல். பல விளம்பரங்களில் அது அரை வரிகூடத் தேறாது.

நகைக்கடை விளம்பரத்தின் வழக்கமான வாசகம்: 'மகளின் சிரிப்பே அப்பாவின் சொத்து. மூன்று தலைமுறை நம்பிக்கை. சேதாரம் 3% முதல்.' முதல் வரிக்குக் கோடு, இரண்டாவதுக்கு வட்டம். மிஞ்சுவது சேதாரக் கணக்கு. 3% என்பது சாதாரணச் செயினுக்கு இருக்கலாம். 'முதல்' என்று போட்டிருப்பதால், கல்யாணப் பெண்ணுக்கு எடுக்கும் ஆரத்துக்கு 18% கேட்டால் அதுவும் விளம்பரத்துக்கு உட்பட்டதுதான். 5 பவுன் ஆரம், அதாவது 40 கிராமுக்கு, 3% என்றால் சேதாரம் 1.2 கிராம், 18% என்றால் 7.2 கிராம். வித்தியாசம் 6 கிராம், முக்கால் பவுன். மகளின் சிரிப்பைப் பார்த்துக் கண் கலங்கி நிற்கிற அப்பாவுக்கு இந்தக் கணக்கு போடத் தோன்றாது என்பது விளம்பரம் எழுதியவருக்குத் தெரியும். கல் வைத்த நகையென்றால் கல் எடையைக் கழித்த நிகர எடை பில்லில் தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வட்டத்துக்குள் விழுவதெல்லாம் பொய் என்று நினைத்துவிடக் கூடாது. சரிபார்க்க முடிகிற சான்று, முடியாத சான்று என்று இரண்டு வகை உண்டு. 'மூன்று தலைமுறை' என்பதை வைத்துத் தங்கத்தின் தரத்தை அறிய முடியாது. ஹால்மார்க் நகையில் பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் என்ன நகை, எவ்வளவு தூய்மை, எங்கே சோதித்தார்கள் என்று வந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளைக் கடையில் விற்க இந்தக் குறியீடு கட்டாயம். கடைக்காரர் எதிரிலேயே போட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

உண்மையான சான்றையே இடம் மாற்றிக் காட்டுவது இன்னொரு வித்தை. உணவுப் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், தொழில் நடத்த வாங்கிய உரிமம் அல்லது பதிவு. அதைப் பெரிதாக அச்சிட்டு 'மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற சுவை' என்று எழுதினால், அரசு ருசி பார்த்ததுபோல ஆகிவிடுகிறது. 'ஐஎஸ்ஓ 9001' நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்கான தரச்சான்று; டப்பாவுக்குள் இருக்கும் ஊறுகாய்க்கு அல்ல. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்டவர் பெரும்பாலும் நடிகர்தான். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வதற்கே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. '30 நாளில் வேரோடு போகும்' என்ற நோட்டீஸைப் பார்த்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெருமையும் நன்றாக விலைபோகிறது. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுண் வரை அல்வாக் கடைப் பலகைகளில் 'அசல்', 'ஒரிஜினல்', 'தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியது'. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும். நெய் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் வனஸ்பதியோ தாவர எண்ணெயோ இருக்கிறதா என்பதை ஆற்றுத் தண்ணீர் சொல்லாது. கருப்பட்டிக்கும் இதே பார்வைதான். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். பனையேறும் கூலி, விறகு எல்லாம் அதன் மேல். பாட்டி படம் போட்டுச் சீனி விலையை ஒட்டி விற்றால், உள்ளே சீனி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். விளம்பரக்காரர்கள் அதிகம் பிழைப்பது அச்சம், பெருமிதம், இளிவரல் என்ற மூன்றில். நிறம் கறுப்பு, முடி கொட்டுகிறது, பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று முதலில் கூச வைத்துவிட்டுப் பிறகு டப்பாவை நீட்டுவது இளிவரல் வகை.

அச்சம் வாட்ஸ்அப்பில்தான் ஆட்சி செய்கிறது. 'பாபநாசம் அணை 150 அடியைத் தாண்டிவிட்டது, என் மாமா பொதுப்பணித் துறையில் இருக்கிறார், உடனே எல்லோருக்கும் அனுப்பவும்' என்று மழைக்காலத்தில் ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். அணையின் முழு உயரமே 143 அடி. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குப் பயம் நியாயமானது. அதனாலேயே இப்படிப்பட்ட செய்தி தீயாய்ப் பரவும். அதில் தேதி இருக்கிறதா, மாமாவுக்குப் பெயரும் பதவியும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077இல் கேட்கலாம்.

'போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30க்குக் கரண்ட் கட்' என்று பத்து இலக்கச் செல் எண்ணிலிருந்து வருவதும் அதே ரகம். நம் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 'போன மாத பில்' என்ற ஒன்றே கிடையாது. ராத்திரி நேரத்தைக் குறிப்பது, ஆபீஸுக்குப் போய் விசாரிக்க வழியில்லாமல் செய்வதற்கு. அந்த எண்ணுக்குப் பேசாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை (94987 94987) கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

எல்லாவற்றையும்விடக் கண்டுபிடிக்கச் சிரமமானது, தெரிந்த முகம். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் கம்பெனிகள் ஊருக்குள் நுழையும்போது முதலில் பிடிப்பது ஓய்வுபெற்ற ஆசிரியரையோ கோயில் கமிட்டிக்காரரையோதான். 'நம்ம அண்ணாச்சியே போட்டிருக்காரே' என்பதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அண்ணாச்சி நல்லவர் என்பது வேறு, அவருக்குக் கம்பெனியின் கணக்கு தெரியும் என்பது வேறு. மாதம் 10% என்றால் லட்ச ரூபாய்க்கு வருடம் 1,20,000 ரூபாய் வட்டி. எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த எண் வேண்டும். திறப்பு விழாவில் பெரிய மனிதரோடு எடுத்த போட்டோ அதற்கு ஈடாகாது.

பயமுறுத்துவதே தவறு என்று சொல்லவரவில்லை. டெங்கு பற்றிய சுகாதாரத் துறை விளம்பரமும் பயமுறுத்தத்தான் செய்கிறது. கோடு போட்டு அடித்த பிறகும் அதில் விஷயம் மிஞ்சும்: முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆவதால், வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறது. அதைச் செய்தால் யாருக்கும் கமிஷன் போவதில்லை.

கடைசியாகத் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். காசு வாங்கிக்கொண்டு செய்தி போலவே போடும் பக்கங்களில் 'விளம்பரம்' என்ற சொல் மூலையில் எறும்பு போல ஊர்கிறது. நாளிதழ் சொல்கிறது என்ற நம்பிக்கையைத்தான் அங்கே வாடகைக்கு விடுகிறீர்கள். தலைப்புக்கு மேலேயே, தலைப்பின் எழுத்து அளவில் அந்தச் சொல்லைப் போடுங்கள். மற்றொன்று, நட்சத்திரக் குறி போட்டுக் கீழே பொடி ஆங்கிலத்தில் வரும் நிபந்தனைகள். 2022 ஜூனில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நெறிமுறைப்படி, நிபந்தனை வாசகம் விளம்பரத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். விளம்பரத்தை வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்க உங்கள் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லலாமே.

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை.