நாயனம் படிக்க வந்த எங்கள் பெண்ணைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

திருப்பூரிலிருந்து நாதசுரம் படிக்க வந்த பதினோரு வயதுப் பெண்ணின் அம்மா எழுதுகிறேன். ஆடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் ஆசிரியர் ஐயா தன் வீட்டிலேயே நடத்துகிற கோடை வகுப்புக்கு இந்த மே மாதம் மகளைக் கூட்டிவந்து கூடவே தங்கியிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் அத்தனை பேர் வந்து நின்றதில் எனக்குப் பேச்சே வரவில்லை. சொல்ல வேண்டியதை இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் நாயனத்தைத் தொட்டதில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். கோயில் திருவிழாவில் கேட்டதிலிருந்து பிள்ளைக்கு அதே நினைப்பு. "பொம்பளைப் புள்ளைக்கு மூச்சு தாங்காது" என்று சொன்னவர்கள் உண்டு. மதுரை பொன்னுத்தாயி அம்மா வாசித்த வாத்தியம்தானே, காலீஷாபி அம்மா இன்றைக்கும் கணவரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம்தானே என்று அவள் அப்பாதான் தைரியம் சொன்னார். ஐயாவுக்குப் போன் போட்டபோது அவர் சாதி கேட்கவில்லை, பரம்பரை கேட்கவில்லை. "பாப்பா பாடுமா?" என்றார். பாடும் என்றேன். "அப்ப கூட்டிட்டு வாங்க" என்றார். ஐயா, அந்த ஒரு கேள்விக்கே நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள்.

வந்த புதிதில் நாயனத்தைக் கையிலேயே கொடுக்கவில்லை. விடியற்காலையில் எழுப்பிப் பாட வைப்பார்கள். அப்புறம் நாயனத்தின் வாய்ப்பக்கம் செருகுகிற சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதச் சொல்வார்கள். ஒரே சத்தம், நடுங்காமல் நிற்க வேண்டும். பிள்ளைக்கு உதடு வீங்கிப்போய் இட்லியைக்கூடப் பிட்டு ஓரமாக வைத்துத்தான் சாப்பிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஐயாவின் மனைவி, அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ராத்திரியில் வெண்ணெய் தடவிவிட்டு, "எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான், நாலு நாள்ல உதடு பழகிடும்" என்பார். பழகியும் விட்டது. அக்கா, எத்தனை பிள்ளைகளுக்கு உலை வைத்தீர்கள், எங்கள் சாப்பாட்டுக்கென்று நான் நீட்டிய பணத்தைக் கடைசிவரை தொடவில்லை. அந்தக் கணக்கை நான் தீர்க்கவே முடியாது.

எங்களுக்கு அறை கொடுத்த பாட்டிக்கும் சொல்ல வேண்டும். மின்விசிறி இருக்கிற அறையை எங்களுக்கு விட்டுவிட்டு, அந்த வெயிலில் நீங்கள் தாழ்வாரத்தில் படுத்தீர்கள்.

நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை ஆசாரி ஐயாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் சொந்த வாத்தியம் கிடையாது. புதிதாக வாங்கவும் வழியில்லை. எங்கள் ஆசிரியர் ஐயாதான் எங்களை ஆசாரி ஐயாவின் பட்டறைக்கு அனுப்பிவைத்தார். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்து உத்திரங்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. பல வருஷம் காய்ந்த மரம்தான் வெடிக்காமல் நாதம் கொடுக்கும் என்றார் ஆசாரி ஐயா. நாதசுர மேதை ராஜரத்தினம் பிள்ளைக்காக, நீளமாகச் சுருதி குறைந்த பாரி நாயனம் செய்து கொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில், தன் வேலையைப் போட்டுவிட்டு என் மகளுடைய விரலை அளந்து பார்த்தார் அவர். மூலையில் இருந்த ஒரு பழைய நாயனத்தை எடுத்துத் துடைத்து, அடிப்பக்கத் துளை ஒன்றில் மெழுகைக் கிள்ளி அடைத்தார். வாசிக்கச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு மெழுகில் கொஞ்சம் சுரண்டினார், திரும்ப வாசிக்கச் சொன்னார். சுருதி சேருகிற வரைக்கும் அவருக்கு அவசரமே இல்லை. கடைசியில், "வச்சுக்கோ பாப்பா. நல்லா வாசிக்கிற அன்னைக்கு எனக்கு வந்து வாசிச்சுக் காட்டு" என்று கொடுத்துவிட்டார். வாடகை, முன்பணம் எதுவும் பேசவில்லை. ஆசாரி ஐயா, அந்த வாத்தியம் இப்போது எங்கள் வீட்டில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. தினமும் காலையில் வெளியே வருகிறது.

சீவாளி கட்டிக் கொடுத்த திருவாவடுதுறைப் பெரியவருக்கும் நன்றி. காவிரிக் கரைத் தட்டையைச் சீவி, நூல் சுற்றி, நுனியைத் தட்டி நீங்கள் கட்டிக் கொடுத்தவை சின்னப் பிள்ளையின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி மெல்லிசாக இருந்தன. கோயிலில் வாசிக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் ஒரு சீவாளி வாயோரம் கீறிவிட்டது. உங்கள் பேரன் ராத்திரியோடு ராத்திரியாக சைக்கிளில் வந்து வேறொன்று கொடுத்துவிட்டுப் போனான்.

அப்புறம் அந்தத் தெரு. இது எனக்கு ரொம்ப முக்கியம். திருப்பூரில் பிள்ளை சாதகம் பண்ணினால் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆற்றில் தண்ணீர் விடாத மாதம் என்பதால் இங்கே காய்ந்து கிடந்த வாய்க்காலில் இறங்கித்தான் பிள்ளைகள் காலையில் ஊதுவார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பூ கட்டுகிற அம்மா ஒருநாள், "காந்தாரம் கொஞ்சம் இறங்குது கண்ணு" என்று 'க' சுரத்தைக் குறித்துச் சொல்லிவிட்டுப் போனார். டீக்கடை அண்ணன், "நேத்தைக்கு விட இன்னைக்கு மூச்சு நிக்குது" என்றார். சும்மா பாராட்டிவிட்டுப் போகாமல், காது கொடுத்துக் கேட்டுத் திருத்தினீர்கள். என் மகள் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையை ஒழுங்காக வாசிக்கக் கற்றதில் ஐயாவுக்கு அடுத்த பங்கு உங்களுக்குத்தான்.

கோயிலில் சாமி புறப்பாட்டின்போது ஐயா கம்பீரநாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை எடுக்க, என் பெண் பக்கத்தில் நின்று, சுருதிக்குத் துணை நிற்கிற ஒத்து ஊதினாள். ஒரே சுருதிதான், ஆனால் நடுவில் அறுந்துவிடக் கூடாது. தவில் வாசித்த அண்ணன், அவள் பயந்துபோய் நிற்பதைப் பார்த்துவிட்டு, கூடு மாட்டிய விரலை அவள் பக்கம் நீட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே ஊது என்று சாடை காட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு கடைசிவரை ஊதினாள். அண்ணே, உங்களைப் பற்றி வீட்டில் தினமும் பேச்சு.

சம்பளமில்லா விடுப்பு கேட்டதும் மறுக்காமல் கொடுத்து, திரும்பி வந்ததும் அதே டேபிளில் உட்காரவைத்த எங்கள் சூப்பர்வைசர் அக்காவுக்கும், கும்பகோணத்தில் ஜனசதாப்தி ரயிலிலிருந்து இறங்கி மூட்டையோடு நின்ற எங்களை ஆடுதுறை பஸ்ஸில் ஏற்றி, சரியான நிறுத்தத்தில் இறக்கிவிட்ட கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த கோடைக்கும் வரச் சொல்லியிருக்கிறார் ஐயா. அதற்குள் அலங்காரப் பயிற்சிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. இப்போது மூன்றாவதில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா,
திருப்பூர்.