கிங்க்ஸ் குழுவுக்கு ஒரே வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பீட்டில்ஸுக்கு மூன்று பக்கம். கிங்க்ஸ் குழுவுக்கோ ஒரே வரி: ‘கிட்டார் இரைச்சலால் சில காலம் பேசப்பட்டவர்கள்.’ தங்கள் மேற்பார்வையில் இப்படி ஒரு வரி அச்சேறியதை என்னால் நம்பவே முடியவில்லை.

அந்த இரைச்சல்கூடத் தற்செயலாக வந்ததல்ல. ஸ்பீக்கரின் கூம்பைப் பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை வரவழைத்தவர் கிங்க்ஸின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ். அது 1964. அவருக்கு அப்போது பதினேழு வயது. அது போகட்டும். அவருடைய அண்ணனும் குழுவின் பாடகருமான ரே டேவிஸ் எழுதிய பாட்டுகளில் ஒன்றைக்கூடவா கட்டுரையாளர் கேட்டதில்லை? லண்டனின் பகட்டை உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த 1966-இல், விரிசல் விட்ட கூரையையும் ஒழுகும் தொட்டியையும் வாடகைக்காகக் கதவைத் தட்டுபவரையும் ‘டெட் எண்ட் ஸ்ட்ரீட்’டில் பாடியவர் அவர். 1969-இல் வந்த ‘ஷாங்ரி-லா’வில் தவணையில் வீடு வாங்கிய ஒருவர், அதற்கு மேல் எதுவும் கேட்கத் துணியாமல் கணப்பருகே அமர்ந்திருக்கிறார். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். தவணை தவறியவர்கள் என் மேசைக்கு முன்னால் பாஸ்புக்கைச் சுருட்டியபடி, தலை நிமிராமல் நிற்பார்கள். அந்தப் பாட்டை எப்போது கேட்டாலும் அவர்கள் முகம்தான் வந்து நிற்கிறது. இதையா இரைச்சல் என்கிறீர்கள்?

ராக் இசைக்குள் இந்திய இசையின் சாயலை பீட்டில்ஸ்தான் முதலில் கொண்டுவந்தார்கள் என்கிறது அதே கட்டுரை. சிதார் ஒலிக்கும் அவர்களுடைய ‘நார்வீஜியன் வுட்’ வெளியானது 1965 டிசம்பரில். தம்புராவின் சுருதிபோல் கிட்டார் இழையும் கிங்க்ஸின் ‘சீ மை ஃபிரண்ட்ஸ்’ அதே ஆண்டு ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் பம்பாயில் தங்கியபோது மீனவர்கள் பாடிச் சென்றதைக் கேட்டதிலிருந்து பிறந்த பாட்டு அது என்று ரே டேவிஸே சொல்லியிருக்கிறார். நம் கடற்கரையில் கேட்ட குரல், நம் பத்திரிகையிலேயே விடுபட்டுப்போகலாமா?

இது முதல் முறையும் அல்ல. 1968-ஐப் பற்றித் தாங்கள் சிறப்பிதழ் வெளியிட்டபோது பீட்டில்ஸின் இரட்டை இசைத்தட்டைக் கொண்டாடினீர்கள். அது வெளியான அதே நவம்பர் 22-ஆம் தேதி பிரிட்டனில் கிங்க்ஸின் ‘வில்லேஜ் கிரீன்’ இசைத்தட்டும் வெளியானது. அன்று அது விற்கவில்லை. தங்கள் சிறப்பிதழிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை. அண்மையில் தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் ராக் குழுவான பிளர் பற்றி எழுதினீர்கள். ரே டேவிஸிடமிருந்து தான் கற்றதை அக்குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன் மறைத்ததில்லை. தங்கள் கட்டுரையில்தான் அந்தப் பெயரைக் காணோம்.

தனிக் கட்டுரை வேண்டும் என்று கேட்கவில்லை. ‘சீ மை ஃபிரண்ட்ஸ்’ முந்தியது என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.